செவ்வாய், பதினொன்று முதல் ஒன்று வரை

மீனுக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

அது மீன் அல்ல. காற்றைப் பிடிக்கும் கருவி. காற்று வரும் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ள அதற்கு ஒரு தகர வால் உண்டு. அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது மீன். ஊருக்கு வெளியே, புல்வெளி நடுவில் நிற்கும் பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் அதை வைத்திருந்தார்கள். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் காற்றை விழுங்கும். ஒரு மனிதன் இழுக்கும் அளவு ஏறக்குறைய அதுதான். உள்ளே ஓர் உருளை. அதைச் சுற்றிப் பசை தடவிய நாடா. நாடா மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும். காற்றில் வந்ததெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த நாடாவை எடுத்துவந்து ஏழாக வெட்டி, ஏழு கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி, ஒரு சொட்டு இளஞ்சிவப்புச் சாயம் விட்டு, நுண்ணோக்கியில் மகரந்தத்தை எண்ணுவது அவள் வேலை. பதினோரு வருடமாக எண்ணுகிறாள்.

அந்தக் கட்டடத்துக்குப் பாதை கிடையாது. இடுப்பளவுப் புல்லுக்குள் நடந்துதான் போக வேண்டும். பக்கத்தில் ஒரு குட்டை. அதன் ஓரம் சம்பு நிற்கும். ஆளுயரத் தண்டு, நுனியில் பழுப்பு மெழுகுவத்தி போல ஒரு கதிர். மாடியில் காற்று காதைப் பிய்க்கும். அதற்காக ஒரு சாம்பல் நிறச் சால்வை வைத்திருந்தாள். தலையையும் கழுத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வாள். திங்களன்று மட்டும்.

நுண்ணோக்கிக்கு அடியில் எல்லாம் இளஞ்சிவப்பு. புல்லின் மகரந்தம் உருண்டை, அதில் ஒரே ஒரு துளை. ஊசியிலை மரத்துடையதற்கு இரண்டு காது. சம்புவினுடையது நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு வரும். பிரியாது. கனம், அதனால் தூரம் போகாது; குட்டையைச் சுற்றியே விழுந்துவிடும். வெகுநேரம் பார்த்தால் கண்ணாடிக்கு அடியில் ஏதோ மெல்ல நீந்துவது போல இருக்கும். எதுவும் நீந்தவில்லை. அது அவள் கண்.

அவள் பார்ப்பது எப்போதும் போன வாரம். இன்றைய காற்றில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது.

"போன வாரம் நான் எதுக்குத் தும்மினேன்னு இந்த வாரம் வந்து சொல்ற," என்பான் கணவன். "இது ஒரு உத்தியோகம்."

"காரணமாவது கிடைக்குதுல்ல? வாங்கிக்குங்க."

அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். பிள்ளைகளுக்குத் தும்மல் மாமா. புல் பூக்கும் மூன்று மாதமும் அவனுக்கு மூக்கு இல்லை. கண் சிவந்து, தொண்டைக்கூரை அரித்து, ஒரு வாசனையும் தெரியாமல் திரிவான். மற்ற ஒன்பது மாதமும் இதை மறந்துவிடுவான்.

முதல் வருடம் பூனை மேல் சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். தும்மல் போகவில்லை. பூனையைத் திருப்பிக் கேட்கவும் முடியவில்லை. அது சுவர்மேல் உட்கார்ந்து இவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறகு அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். காலையிலும் மாலையிலும் ஜன்னலைச் சாத்தினாள். துணியை வெளியே காயப்போடவில்லை. ஈரத் துணியால் தரையைத் துடைத்தாள். திங்கள் மாலை வீட்டுக்குள் வந்ததும் நேரே குளியலறை. உடுத்தியது வாளிக்குள், தலைக்குத் தண்ணீர். புல்வெளியின் ஒரு துகள்கூட உள்ளே வரக் கூடாது. வரவில்லை என்றுதான் நம்பினாள்.

இந்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, சிக்னலில் விளக்கு பச்சைக்கு மாறியும் பஸ் நகரவில்லை. அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தான். நாலைந்து விநாடி. பிள்ளைகள் ஒரே குரலில் "மாமா!" என்று கத்தின. கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையின் தூக்கம் அது.

டிப்போ கண்காணிப்பாளர் கத்தவில்லை. ஒரு வாரம் பார்ப்பேன் என்றார். மாத்திரை போட்டால் தூக்கம், போடாவிட்டால் தும்மல், இரண்டுக்கும் கண் மூடுகிறது, இரண்டும் வேண்டாம் என்றார்.

அவன் அன்றே அண்ணனுக்குப் போன் செய்தான். அண்ணன் கடலோரத்தில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தார். அங்கே உப்புக்காற்று. புல் கிடையாது. வருடா வருடம் கூப்பிடுகிறவர்.

"மூணு மாசம்தானே," என்றான் அவளிடம்.

இந்த வருடம் மூன்று மாதம். அடுத்த வருடமும் புல் பூக்கும். இங்கேயே இருந்துவிடு என்று போன வருடமே அண்ணன் சொல்லியிருந்தார். அவளால் போக முடியாது. மீன் இங்கே இருந்தது.

அடுத்த ஞாயிறு காலைக்கு டிக்கெட் எடுத்தான். அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். திறந்த பெட்டி ஒரு வாரம் அங்கேயே கிடந்தது. அவள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

பஸ் நின்ற மறுநாளே, சனிக்கிழமை, அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அம்மா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"யார் குடுத்தாங்க இதை?"

"கடையில."

"இது தூக்க மாத்திரைக்குத் தம்பி. இதைப் போட்டுட்டா பஸ் ஓட்டினீங்க?"

"பிள்ளைங்க எழுப்பிடுச்சுங்க," என்றான்.

டாக்டர் சிரிக்கவில்லை. அந்த அளவுக்குத் தூக்கம் தராத வேறு மாத்திரை எழுதினார். அதையும் முதலில் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும் என்றார். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே ஒன்றையும் கொடுத்து, அடித்துக் காட்டச் சொன்னார். அவன் தலையை அண்ணாந்து, அடித்து, பலமாக உறிஞ்சினான்.

"எல்லாம் வயித்துக்குப் போயிடுச்சு. குனிங்க. நடுச் சுவர்ல அடிக்காதீங்க, காதைப் பார்த்து அடிங்க. உறிஞ்ச வேண்டாம், சாதாரணமா மூச்சு விடுங்க. தினம் அடிக்கணும். முழுசாக் கேக்க ரெண்டு வாரம்கூட ஆகும். மூணாம் நாளே தூக்கிப் போட்டுடாதீங்க. அடுத்த வருஷம் பூக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க."

"அடுத்த வருஷம் நான் கடலோரம்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "மருந்து பாதிதான். ஜன்னலெல்லாம் சாத்தியும் இவ்வளவு இருக்குன்னா, அது எங்கேருந்தோ வீட்டுக்குள்ள வருது. அதைக் கண்டுபிடிங்க."

"இவளுக்கு அதுதான் டாக்டர் வேலையே," என்றான் அவன். "ஊர்க் காத்து மொத்தமும் இவ கணக்குலதான் இருக்கு. எங்க வீட்டுக் காத்து மட்டும்தான் பாக்கி."

கேலிதான். ஆனால் அவள் பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் எந்த நேரத்தில் அதிகம் தும்முகிறான் என்று கேட்கப் புதன் மாலை டிப்போவுக்குப் போனாள். பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்காக அவன் பஸ்ஸில் கூடவே போகிற ஒரு பெண் உண்டு. எல்லோருக்கும் பெரியக்கா. அவள் கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். பயணத் தாள்கள். முன்பக்கம் நேரமும் நிறுத்தமும். பின்பக்கம் பென்சில் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டி.

"இது என்ன பெரியக்கா?"

"உன் வீட்டுக்காரரோட தும்மல். பிள்ளைங்க பந்தயம் கட்டுதுங்க, இன்னிக்கு எத்தனைன்னு. ஜெயிச்சவங்களுக்கு ஜன்னல் சீட். யாராவது ஒழுங்கா எண்ணணும்ல, இல்லைன்னா அடிதடி ஆயிடுது." குரலைத் தாழ்த்தினாள். "டிப்போல சொல்லிடாதே."

"எத்தனை வாரமா?"

"பூ சீசன் ஆரம்பிச்சதுலேருந்து. காலை டிரிப் மேல, மத்தியான டிரிப் கீழ. மத்தியானம்தான் மகராசன் வெளுத்து வாங்குவார்."

அவள் அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டாள்; வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில், கண்ணாடித் துண்டுகளுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினாள்.

காலை டிரிப்பில் தும்மல் நாடாவோடு ஒத்துப்போனது. காற்றில் புல் ஏறினால் ஏறியது, மழை பெய்தால் இறங்கியது. மத்தியானம் ஒத்துப்போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க மழை. நாடாவில் ஏறக்குறைய எதுவும் இல்லை. மத்தியான டிரிப்பில் நாற்பத்தொன்று.

அவள் மற்ற வாரங்களைப் பார்த்தாள். செவ்வாய் உச்சம். புதன் குறைவு. வியாழன் இன்னும் குறைவு. வெள்ளி அதிலும் குறைவு. அடுத்த செவ்வாய் மறுபடி உச்சம். படிக்கட்டில் ஒருவர் இறங்கி, கீழே போனதும் யாரோ தூக்கி மேலே விட்டதுபோல. ஐந்து வாரம் அப்படியே.

காலை டிரிப் ஒன்பதுக்கு முடியும். மத்தியான டிரிப் இரண்டுக்குத் தொடங்கும். நடுவில் அவன் வீட்டுக்கு வந்து தூங்குவான். பதினொன்று முதல் ஒன்று வரை. இத்தனை வருடத்தில் அந்தத் தூக்கத்தை அவள் பார்த்ததில்லை. அந்த நேரம் அவள் நுண்ணோக்கியில் இருப்பாள்.

அன்று மதிய உணவு நேரத்தில் ஒரு சுருள் செலோடேப்போடு வீட்டுக்கு ஓடினாள். அவன் அப்போதுதான் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தான். ஜன்னல் விளிம்பில் ஒரு துண்டு ஒட்டி எடுத்தாள். திரைச்சீலையில் ஒன்று. போர்வையில் ஒன்று. தன் தலையணையில் ஒன்று, அவன் தலையணையில் ஒன்று. சுவர்மேல் இருந்த பூனையின் முதுகிலும் ஒன்று. பூனைக்கு அது பிடிக்கவில்லை.

ஜன்னல் விளிம்பில் கொஞ்சம். திரையில் கொஞ்சம். அவள் தலையணையில் ஆறு உருண்டை. பூனை மேல் பதினான்கு.

அவன் தலையணையை எண்ண முடியவில்லை. இளஞ்சிவப்பு உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவள் கண்ணாடியை நகர்த்தினாள். உருண்டைகளுக்கு நடுவே நான்கு. கொஞ்சம் தள்ளி இன்னொரு நான்கு. ஒட்டிக்கொண்டு, பிரியாமல்.

சம்பு.

இந்த ஊரில் சம்பு நிற்பது ஒரே இடத்தில். வீட்டிலிருந்து அது பன்னிரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் காற்று அதைச் சுமக்காது. யாரோ சுமந்து வந்திருக்க வேண்டும். அந்தக் குட்டைக்குப் போகிற ஆள் ஒருத்திதான்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். உடைகள் வாளிக்குள். தலைக்குத் தண்ணீர். செருப்பு வாசலில். திங்கள் மாலையை மனத்துக்குள் ஒருமுறை நடந்து பார்த்தாள். கதவு, குளியலறை, படுக்கையறை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆணியில் சால்வை.

அதை அவள் உடையாக நினைத்ததே இல்லை. குடை மாதிரி அது. உபயோகித்தால் மாட்டிவிடுவது. போன குளிர்காலத்தில் துவைத்தது.

ஆனால் ஆணியிலிருந்து தலையணைக்கு எட்டு அடி. சால்வை நடக்காது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு அவள் பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

வீடு வேறு வீடாக இருந்தது. சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் நண்பகல் ஒரு பாத்திரத்துப் பால் போல அசையாமல் நின்றது. கடிகாரம் அவள் கேட்டிராத சத்தத்தோடு ஓடியது. சமையலறையில் கழுவி வைத்த ஒரே தம்ளர். தான் இல்லாதபோது வீடு இப்படித்தான் இருக்கும் என்று யாரோ காட்டுவதுபோல இருந்தது.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவன் மல்லாந்து படுத்திருந்தான். பக்கத்தில் திறந்த பெட்டி, அதில் நான்கு சட்டை. அவன் முகத்தில் சாம்பல் நிறச் சால்வை. மூன்றாக மடித்து, கண்ணையும் மூக்கையும் மூடி, நுனியைக் காதுக்குக் கீழே செருகியிருந்தான். ரொம்ப நாள் பழக்கத்தின் மடிப்பு.

சால்வை மூச்சில் ஏறி இறங்கியது. உள்ளே போகும்போது துணி கொஞ்சம் குழிந்தது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர். புல்வெளி முழுக்க, குட்டை முழுக்க, மெல்ல மெல்ல அவனுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் தன்னையறியாமல் மூச்சை எண்ணினாள். இருபது வரை எண்ணினாள். எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பத் தோன்றவில்லை.

அவனே எழுந்தான். சால்வையோடு சேர்த்து ஏழு முறை தும்மினான். துணியை விலக்கியபோது அவள் வாசலில் நின்றாள்.

"நீயா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அது என்ன முகத்துல?"

அவன் சால்வையைப் பார்த்தான். கையில் திருட்டுப் பொருள் இருப்பதுபோலப் போர்வைக்குள் தள்ளினான்.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

"திரைச்சீலை இருக்கு."

"இருக்கு."

"துண்டு இருக்கு, போர்வை இருக்கு."

"இப்ப என்னங்கற?" என்றான். "காலையில நான் போறப்ப நீ தூங்கற. நான் தூங்க வர்றப்ப நீ இல்ல. ஆணியில இது தொங்குது. எடுத்துப் போட்டுக்கிட்டேன். இது ஒரு குத்தமா?"

"எத்தனை நாளா?"

"நான் இந்த டிரிப்புக்கு வந்ததுலேருந்து."

ஆறு வருடம். தும்மலுக்கும் ஆறு வருடம்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொன்னாள். நாற்பத்தொன்று, படிக்கட்டு, பூனை மேல் பதினான்கு, நான்கு நான்காக வந்த சம்பு. அவன் கேட்டுக்கொண்டே சால்வையைக் கை தூரத்தில் பிடித்துப் பார்த்தான். வெறும் துணிதான் தெரிந்தது.

"ஆக, என்னை இத்தனை வருஷமாத் தும்ம வச்சது நீதான்."

"நானில்ல. சால்வை."

"பூனைகிட்ட முதல்ல மன்னிப்பு கேளு."

"நீங்க கேளுங்க. நீங்கதான் அதைத் துரத்தச் சொன்னீங்க."

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்க முடியவில்லை. சால்வையை வாங்கி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, காற்றைப் பிதுக்கி, இறுக முடிந்தாள். தலையணை உறைகளையும் உருவினாள்.

"துவைச்சா சோப்பு வாசனைதானே வரும்," என்றான்.

"உங்களுக்குத்தான் ஒரு வாசனையும் தெரியறதில்லையே."

"தெரியாட்டி என்ன? இருக்கும்ல."

அவள் பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மணி பார்த்தான். ஒன்று ஆகப்போகிறது. முகத்தைக் கழுவி, செருப்பை மாட்டி, வாசலில் நின்றான்.

"டிக்கெட் எடுத்தாச்சே," என்றான். அவளிடமா, கதவிடமா என்று தெரியவில்லை.

அன்று மாலை உறைகளையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து, நடைவழியில் கட்டிய கயிற்றில் காயப்போட்டாள். இரவு காய்ந்த உறைகளில் ஒன்றைத் தன் தலையணைக்கு மாட்டி, அதில் தூங்கினாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் பதினொன்று ஆனதும் அவனுக்குக் கண் சொக்கியது. உடம்பு அப்படிப் பழகியிருந்தது. அவள் தன் தலையணை உறையைக் கழற்றி, மூன்றாக மடித்து, அவன் கண்மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"நான் ராத்திரி படுத்தது. படுங்க."

அவன் நுனியைக் காதுக்குக் கீழே செருகிக்கொண்டான்.

அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படுக்கையறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு தாள், பென்சில். பால் நிறத்து வெளிச்சம். கடிகாரம். நேற்றுக் கேட்ட அதே சத்தம், இன்று கொஞ்சம் பழகியிருந்தது. பன்னிரண்டு மணிவரை ஒரே தும்மல், தாளில் ஒரு கோடு. பிறகு இன்னொன்று. உறை ஏறி இறங்கியது. அவளும் அதோடு ஏறி இறங்கினாள். புல்வெளியில் மீன் இந்நேரம் வாலை ஆட்டித் திரும்பியிருக்கும். நாடா இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பெட்டி திறந்தே கிடந்தது. நாளை காலை ஒன்பதுக்கு ரயில்.

"பால் தீயுது," என்றான் அவன்.

அவள் நிமிர்ந்தாள். அவன் கண் உறைக்குள் இருந்தது. அசையாமல் படுத்திருந்தான்.

"என்ன சொன்னீங்க?"

"அடுப்புல பால் தீயுது. போய்ப் பாரு."

அவள் ஓடினாள். பாத்திரத்தின் அடி கறுத்து, பால் சுண்டிக் கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். தீய்ந்த வாடை சமையலறை தாண்டி, நடைவழி தாண்டி, படுக்கையறை வரை போயிருந்தது. அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு முதலில் தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். உறையைக் கையில் பிடித்திருந்தான். அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், கொஞ்ச நேரம் வைத்திருந்தான். தும்மவில்லை.

"நாத்தம் தாங்கல," என்றான். "பாலைச் சொன்னேன்."

பிறகு பெட்டியிலிருந்து நான்கு சட்டையையும் எடுத்துக் கட்டில் மேல் போட்டான். பெட்டியை மூடினான். அதை அலமாரி மேல் ஏற்றும்போது தூசி பறந்து ஒரு தும்மல் வந்தது. அவள் தாளில் கோடு போட்டாள்.

"இதுவும் கணக்கா?"

"இது தூசி. தனியாப் போட்டிருக்கேன்."

அவன் அண்ணனுக்குப் போன் செய்தான். நல்லா இருக்கேன் என்றான். இல்ல, வரல என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "பால் தீஞ்சு போச்சு," என்றான், அதுவே போதுமான காரணம் என்பதுபோல.

கண்காணிப்பாளர் இன்னும் இரண்டு வாரம் பார்ப்பதாகச் சொன்னார். புது மாத்திரை, காதைப் பார்த்து அடிக்கும் ஸ்ப்ரே, சாத்திய ஜன்னல் எல்லாம் அப்படியே தொடர்ந்தன. தும்மல் முழுக்கப் போகவில்லை. மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு நாள் காலை டிரிப்பில் பன்னிரண்டு. ஆனால் செவ்வாய் மத்தியானம் பெரியக்கா போட்ட கோடு மூன்று. ஜன்னல் சீட்டுக்கு இனி என்ன செய்வது என்று பிள்ளைகள் பஸ்ஸில் கூட்டம் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

சால்வை இப்போது வீட்டுக்கு வருவதில்லை. பழைய கட்டடத்தில், படிக்குக் கீழே, மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வந்த திங்கள் அவள் நாடாவை எடுத்துவந்து ஏழாக வெட்டினாள். செவ்வாயின் துண்டை முதலில் எடுத்தாள். அப்படி எடுக்கும் வழக்கம் இல்லை. சாயம் விட்டாள். காலை ஒன்பதிலிருந்து நகர்த்தினாள். நான்காம் மில்லிமீட்டரில் பதினொன்று தொடங்கியது. எட்டாம் மில்லிமீட்டரில் ஒன்று.

அந்த நான்கு மில்லிமீட்டரில் புல் நிறைந்திருந்தது. நடுவே நான்கு நான்காகச் சம்பு. எல்லாம் இளஞ்சிவப்பாக, அசையாமல், போன வாரத்துக் காற்றில் நின்றன. அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். அந்த நேரம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இதில் ஒன்றும் அவனிடம் போகவில்லை.